எழுபத்திரண்டாவது இடம்

மே மாதம் பிறந்தால் எங்கள் பக்கத்தில் வெயிலைப் பற்றிய பேச்சு குறைந்து சதவீதத்தைப் பற்றிய பேச்சு கூடிவிடும். விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்குப் பிளஸ் டூ ரிசல்ட் என்பது ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேர் மாதிரி. தேர் நிலைக்கு வந்து சேர்ந்ததா, எங்கேயாவது முட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விசாரிப்பதைப் போலத்தான் "இந்த வருஷம் நாம எத்தனாவது?" என்று கேட்பார்கள். நாம் என்றால் மாவட்டம். கேட்பவரின் சொந்தப் பிள்ளை அந்த வருஷம் பரீட்சை எழுதியிருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை.

பல ஆண்டுகள் இந்த மாவட்டம் மாநிலத்தின் முதலிடத்தைத் தன் கையிலேயே வைத்திருந்தது. 2018இல்கூட 97.05 சதவீதத்துடன் முதலிடம். 2019இல் திருப்பூர் தட்டிக்கொண்டு போனது. 2022இல் பெரம்பலூர். 2023இல் 97.85 எடுத்து மறுபடி நாம். 2024இல் திரும்பவும் திருப்பூர். 2025இல் அரியலூர், 98.82. பத்தாம் வகுப்பில் அதே 2025இல் சிவகங்கை 98.31 எடுத்து முன்னால் நிற்க, 97.45 எடுத்த நாம் இரண்டாவது. அன்றைக்கு வத்திராயிருப்பு டீக்கடையில் ஒருவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "எல்லாம் போச்சு சார், வாத்தியாருங்க யாரும் முன்ன மாதிரி இல்ல" என்றார். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேரைத் தேற்றிவிட்டதற்குக் கிடைத்த பாராட்டு அது.

இந்தக் கோபத்தைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. பெற்றவர்களுக்குப் பள்ளிக்கூடத்தின் மேல் கோபம் வரத்தான் வேண்டும். அந்தக் கோபம் எந்தப் பரீட்சையின் பேரில் வருகிறது, எந்தப் பரீட்சையின் பேரில் வராமலே போயிற்று என்பதுதான் சில காலமாக மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பின்னால் என்றால் திண்ணைப் பள்ளிக்கூடம் வரைக்கும். சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் கலெக்டர்களுக்கெல்லாம் எழுதி ஜில்லா வாரியாகப் பள்ளிக்கூடக் கணக்குக் கேட்டார். 1826இல் அவர் எழுதி வைத்த குறிப்பில் மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள் என்று வருகிறது. ஜனத்தொகை அப்போது சுமார் ஒரு கோடியே 28 லட்சம். ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் ஒரே வாத்தியார், யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணை, ஒரு பிரம்பு.

பிள்ளைகள் மணலில் எழுத்துப் பழகி, பிறகு ஓலைக்குப் போவார்கள். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு எல்லாம் மனப்பாடம். அதைவிட முக்கியம் எண்சுவடி. முந்திரி, காணி, மா என்று கீழ்வாய் இலக்கம் முழுவதும் வாயில் புரள வேண்டும். நிலம் அளக்க, நெல் அளக்க, கூலி பிரிக்க, வட்டி போட அந்தக் கணக்குதான் வேண்டியிருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்துகொண்டு செந்தில்பாபு இந்தத் திண்ணைக் கணக்கைப் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். மனப்பாடம் என்றால் மூளையில்லாத வேலை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதை அதைப் படித்தால் மாற்றிக்கொள்ள வேண்டிவரும். (இன்னொன்று: மூத்த பையன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறையை எழும்பூர் அனாதைப் பிள்ளைகள் விடுதியில் பின்பற்றிய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர்.)

இதில் நான் கவனிக்கச் சொல்வது வாத்தியார் சம்பளத்தை. அரசாங்கம் சல்லிக்காசு கொடுக்கவில்லை. மாதத்துக்குக் கொஞ்சம் காசு, அறுவடையில் நெல், விசேஷ நாளில் காய்கறி, வெற்றிலை பாக்கு. நவராத்திரி சமயத்தில் பிள்ளைகளைச் சிங்காரித்து, வாத்தியார் வீடு வீடாகக் கூட்டிப்போவார். பிள்ளைகள் பாட்டுப் பாடிக் கோலாட்டம் அடிப்பார்கள். வீட்டுக்காரர் தட்டில் காசு வைப்பார். வசூல் என்று பார்த்தால் வசூல். இன்னொரு விதத்தில் பார்த்தால் ஊர் முழுக்கப் பிள்ளைகளைக் கண்ணால் பார்த்துக் காதால் கேட்கும் நாள்.

பரீட்சை என்று தனியாக ஒன்று கிடையாது. அப்பன் கடையில் பையனை உட்காரவைத்து, இத்தனை மரக்கால் இன்ன விலை என்றால் மொத்தம் எவ்வளவு என்று கேட்டால் தெரிந்துவிடும். வந்த ஓலையை வாசிக்கச் சொன்னால் தெரிந்துவிடும். முழித்தான் என்றால் அடுத்த அறுவடையில் வாத்தியாருக்கு நெல் குறையும். வாத்தியார் பதில் சொல்ல வேண்டியது பிள்ளையைப் பெற்றவனுக்கு. கேள்வி கேட்கிறவனும் அவன், படி அளக்கிறவனும் அவன்.

உடனே யாரும் பொற்காலம் என்று கிளம்பிவிட வேண்டாம். அந்தத் திண்ணையில் ஏறி உட்கார முடிந்தது யார் பிள்ளை? பெண் குழந்தைகள் மிகமிகச் சொற்பம். தாழ்த்தப்பட்டவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தத் தெருவுக்குள்ளேயே வழி இல்லை. பெற்றவனுக்குப் பதில் சொன்ன பள்ளிக்கூடம் என்று நான் சொல்வதெல்லாம் கேட்கத் தெம்பும் நெல்லும் இருந்த பெற்றவர்களைப் பற்றித்தான்.

இந்த ஏற்பாட்டை மாற்றியது இங்கிலாந்தில் பிறந்த ஒரு விதி. 1862இல் ராபர்ட் லோ என்ற அமைச்சர் அங்கே ஒரு திட்டம் கொண்டுவந்தார். பள்ளிக்குக் கொடுக்கும் மானியத்தைத் தலை எண்ணிக் கொடுப்பது. இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு குழந்தையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று மூன்றிலும் சோதிப்பார். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு எட்டு ஷில்லிங். ஒரு பாடத்தில் தவறினால் அதில் இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்ஸ் வெட்டு. மூன்றிலும் தவறினால் அந்தத் தொகை முழுவதும் போயிற்று. 'பலனுக்கு ஏற்ற கூலி' என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடந்தது என்னவென்றால், குழந்தைகள் வாசிப்புப் புத்தகத்தையே உருப்போட்டு வைத்துக்கொண்டார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே கடகடவென்று வாசித்த பிள்ளைகளைப் பற்றி அந்தக் காலத்துக் கதைகளில் வரும். கவிஞர் மாத்யூ ஆர்னால்டு 35 வருஷம் பள்ளி இன்ஸ்பெக்டராக வேலை பார்த்தவர். பள்ளிகள் யந்திரமாகிவிட்டன என்று அவர் தம் அறிக்கைகளில் எழுதிக்கொண்டே இருந்தார். அரசாங்கம் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டது.

இதே முறை 1860களின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. திண்ணை வாத்தியார்கள் அரசாங்க வலைக்குள் வந்ததற்கு முக்கியமான காரணம் இந்த ரிசல்ட் மானியம்தான். சர்க்கார் பாடத்தை நடத்தினால், இன்ஸ்பெக்டர் முன்னால் பிள்ளைகள் தேறினால், பணம். நெல்லுக்குப் பதில் ரூபாய். 1882இல் அமைந்த ஹண்டர் கமிஷன் ஆரம்பப் பள்ளிகளுக்கு இதுவே சரி என்று சொல்லிற்று. இங்கிலாந்திலேயே இதைக் கைவிட்ட பிறகு, 1904இல் கர்சன் பிரபு காலத்துத் தீர்மானம்தான் இங்கே இதற்கு முடிவு கட்டியது.

விதி போய்விட்டது, பழக்கம் தங்கிவிட்டது. ஒரு தலைமுறைக்கு மேல் வாத்தியாரின் கண் திண்ணைக்கு எதிரே நிற்கும் அப்பனை விட்டு இன்ஸ்பெக்டர் வரும் ரோட்டைப் பார்க்கத் திரும்பியிருந்தது. எண்சுவடியும் மெல்ல மறைந்தது. அதற்கு மானிய அட்டவணையில் இடம் இல்லையே. பள்ளியில் நடப்பது அப்பனுக்குப் புரியாத பாடமாக ஆயிற்று. புரியாததைச் சோதிக்க முடியாது. பிறர் போட்ட மார்க்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான்.

இது எனக்கு நன்றாகவே தெரியும். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மொழியில் படித்தவன். என் அப்பாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. நோட்டைத் திருப்பி, ஓரத்தில் சிவப்பு மையில் இருபதுக்கு எத்தனை என்பதை மட்டும் பார்ப்பார். பன்னிரண்டு என்றால் காப்பி, எட்டு என்றால் பேச்சு வார்த்தை கிடையாது. எங்களுக்கு 'செர்திஃபிகா' என்று ஆரம்பக் கல்விப் பரீட்சை ஒன்று இருந்தது. அதில் 'திக்தே' என்று ஒரு பகுதி. வாத்தியார் வாசிக்க வாசிக்க நாம் எழுத வேண்டும். ஐந்து பிழை வந்தால் பூஜ்யம். பிரான்சில் அந்தப் பரீட்சை கொடிகட்டிப் பறந்த காலத்தில், தேறுவார்கள் என்று நம்பிக்கை உள்ள பிள்ளைகளை மட்டுமே வாத்தியார்கள் அனுப்புவார்கள். கிராமத்து வாத்தியாருக்கு அந்த எண்ணிக்கைதான் மானம். அனுப்பாத பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். நம் ஊரில் ஒன்பதாம் வகுப்போடு டி.சி. கொடுத்து அனுப்புவதும், தனித்தேர்வராக எழுதச் சொல்வதும் நடக்கிறதல்லவா, அதற்கு இது பெரியண்ணன்.

மறுபடி நம் ஊருக்கு வருகிறேன். இந்த மாவட்டத்துக்கு முதலிட ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், நான் விருதுநகர் சத்திரிய வித்தியாசாலையைக் காட்டுவேன். 1889இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் நாடார்களுக்குக் கோயில் வாசலே மூடியிருந்தது. கமுதிக் கோயில் வழக்கும், 1899 சிவகாசிக் கலவரமும் அதையொட்டி வந்தவை. கோயிலுக்கு வெளியே நின்றவர்கள் பள்ளிக்கூடம் கட்டினார்கள். வியாபாரிகள் கொடுத்த மகமைப் பணமும், வீட்டுக்கு வீடு சமைக்கும் முன் பானையிலிருந்து எடுத்து வைத்த பிடி அரிசியும் அதை நடத்தின. காமராஜர் படித்ததும், பாதியில் நின்றதும் அங்கேதான். பிற்பாடு முதலமைச்சராகி 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கியபோது அந்தப் பிடி அரிசி அவர் நினைவில் இருந்திருக்கும் என்று நினைப்பது என் ஊகம்.

பிடி அரிசி போட்ட அம்மாவுக்கு எழுத்து தெரிந்திருக்காது. ஆனால் பள்ளிக்கூடம் அவளுடையது. இதைத் திண்ணையின் நல்ல பாதி என்று சொல்லலாம். ராஜபாளையத்திலும் மில் வந்த பிறகு இதே மாதிரி ஊர்ப்பணத்தில் பள்ளிகள் எழுந்தன. அந்தச் சூட்டில் வளர்ந்த மாவட்டம் இது. மழை குறைச்சல், நிலம் குறைச்சல். படிப்பை விட்டால் தீப்பெட்டி ஆபீசும் பட்டாசு ஆலையும் என்ற பயம் இருந்தது. பெற்றவர்கள் பிள்ளையைப் படி படி என்று விரட்டியதற்கு அர்த்தம் இருந்தது.

ஆனால் மாவட்டம் பரீட்சை எழுதுகிறது என்ற எண்ணம் அப்போது கிடையாது. பழைய மெட்ரிகுலேஷன் காலத்தில் தேறியவர்களைவிடத் தவறியவர்கள் அதிகம் என்பது சாதாரணம். கணித மேதை ராமானுஜனே கல்லூரியில் எஃப்.ஏ. தேறவில்லை. தவறினால் அது பையனின் தலையெழுத்து. பிறகு 1911 வாக்கில் எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், ரிசல்ட் அன்று மாலைப் பத்திரிகைக்காகப் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து, கட்டைப் பிரிக்கும் முன்னே பிடுங்கி, பொடி எழுத்தில் நம்பர் தேடுவது. நம்பர் இல்லையென்றால் இல்லை. அதற்காகக் கலெக்டரை யாரும் கேட்டதில்லை.

1978இல் பள்ளிகளில் பிளஸ் டூ வந்து, 1980இல் முதல் அணி தேர்வு எழுதியது. 1985இல் ராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்ததில் விருதுநகர் தனி மாவட்டமாயிற்று. கம்ப்யூட்டர் வந்தது. மாவட்ட வாரியாகச் சதவீதம் போட்டு வரிசைப்படுத்துவது ஒரு பொத்தான் வேலையாயிற்று. அதிலிருந்துதான் பரீட்சை எழுதுவது பையன் மட்டுமல்ல, மாவட்டமும்தான் என்று ஆனது.

நான் கல்வித் துறையில் வேலை பார்த்தவன் இல்லை. ஆனால் எந்த ஆபீசிலும் ஸ்டேட்மென்ட் எப்படித் தயாராகும் என்று எனக்குத் தெரியும். மேலே எந்தக் கட்டத்தைப் பார்க்கிறார்களோ, கீழே அந்தக் கட்டம் நிரம்பும். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் 'மெல்லக் கற்போர்' பட்டியல் எடுப்பார்கள். அவர்களுக்கு மெலிந்த கையேடு ஒன்று. முழுப் புத்தகமும் வேண்டாம், இந்த இருபது கேள்வி, இந்த வரைபடம், இந்த மேப். முப்பத்தைந்து வாங்க அது போதும். காலையில் ஒரு சிறப்பு வகுப்பு, மாலையில் ஒன்று. சி.இ.ஓ. ஆய்வு, கலெக்டர் ஆய்வு. சதவீதம் குறைந்த பாடத்தின் ஆசிரியருக்கு விளக்கம் கேட்டு மெமோ. ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன். சனி ஞாயிறு பாராமல், சொந்தக் காசில் பிள்ளைகளுக்குச் சுண்டல் வாங்கிக் கொடுத்துக்கூட நடத்துகிறார்கள். அந்த உழைப்பு இல்லாவிட்டால் மலையடிவாரப் பளியர் குடியிருப்பிலிருந்து வரும் ஒரு பெண் பத்தாம் வகுப்பைத் தாண்டுவது எங்கே? அந்த 97இல் உண்மையான நன்மை இருக்கிறது. ஒரு சான்றிதழ் இல்லாமல் மில்லில் கேட்டைக்கூடத் தாண்ட முடியாது.

நாமக்கல், ராசிபுரம் பக்கம் இதன் பணக்கார வடிவம் இருந்தது. பிராய்லர் பள்ளி என்று ஊரே சொல்லும். பதினோராம் வகுப்புப் பாடத்தை அப்படியே தாண்டிவிட்டு இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்பையே அரைப்பார்கள். 1200க்கு 1150க்கு மேல் வாங்கிய பிள்ளைகள் பொறியியல் கல்லூரியின் முதல் ஆண்டுக் கணக்கில் மூழ்கியது அதனால்தான். 2017இல் அரசு ரேங்க் அறிவிப்பை நிறுத்தி, மதிப்பெண்ணை 600 ஆக்கி, பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தது. 2025இல் அந்தப் பொதுத்தேர்வையும் எடுத்துவிட்டார்கள். இனி என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

அதே 2017இல்தான் அரியலூர் மாவட்டத்துக் குழுமூர் அனிதா. பிளஸ் டூவில் 1200க்கு 1176. நீட் தேர்வில் 720க்கு 86. செப்டம்பர் 1ஆம் தேதி அந்தப் பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். நீட் வேண்டுமா வேண்டாமா என்பது தனி வழக்கு, அதற்குள் இங்கே போகவில்லை. இரண்டு பரீட்சைகள் ஒரே பிள்ளையைப் பற்றி இவ்வளவு மாறுபட்டுப் பேசலாம் என்பதைத் தமிழ்நாட்டுப் பெற்றோர் அன்றுதான் நேருக்கு நேர் பார்த்தார்கள். கோபம் தெருவுக்கு வந்தது. அந்தக் கோபத்துக்கு ஒரு முகம் இருந்தது, ஒரு பெயர் இருந்தது.

முகமும் பெயரும் இல்லாத பரீட்சை ஒன்று அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. தலைப்பில் உள்ள எண் அதுதான்.

பணக்கார நாடுகளின் சங்கமான ஓ.இ.சி.டி. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை 'பீசா' என்று ஒரு தேர்வு நடத்துகிறது. 15 வயதுப் பிள்ளைகளில் மாதிரிக்குச் சிலரை எடுத்து வாசிப்பு, கணிதம், அறிவியல் மூன்றிலும் சோதிப்பார்கள். உருப்போட்டது உதவாது. ஒரு பத்தியைக் கொடுத்து, இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்பார்கள். 2009ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்சியாக இந்தியாவிலிருந்து இரண்டு மாநிலங்கள் சேர்ந்தன. கல்வியில் பேர் பெற்றவை என்பதால் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும். 2011 டிசம்பரில் முடிவு வந்தது. பங்கேற்ற 74இல் தமிழ்நாடு 72ஆவது. நமக்குக் கீழே இமாசலமும் கிர்கிஸ்தானும். வாசிப்பில் முதலில் நின்ற ஷாங்காய் 556, ஓ.இ.சி.டி. சராசரி 493, தமிழ்நாடு 337. அன்றாட வாழ்க்கைக்கு வேண்டிய அடிப்படை வாசிப்புத் திறன் இருந்த பிள்ளைகள் அங்கே நூற்றுக்கு 81, நம்மிடம் 17. கணிதத்தில் 15. அறிவியலில் 16.

அந்த ஆண்டு நம் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 85 சதவீதத்துக்கு மேல்.

பத்தில் எட்டுக்கு மேல் தேறினார்கள் என்கிறது ஒரு பரீட்சை, பத்தில் இரண்டு பேருக்குத்தான் வாசித்துப் புரிந்துகொள்ள வருகிறது என்கிறது இன்னொன்று. எந்த டீக்கடையிலும் இதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. அந்த வருஷம் சமச்சீர்க் கல்விச் சண்டை. புத்தகம் உண்டா இல்லையா என்று ஜூனிலிருந்து இழுத்து, ஆகஸ்ட் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பத்து நாளில் அமல்படுத்தச் சொன்னது. பெற்றவர்கள் அதிலேயே களைத்திருந்தார்கள். டில்லி என்ன செய்தது? கேள்விகள் நம் பிள்ளைகளின் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த சுற்றுகளில் சேரவில்லை. 2021 சுற்றில் சேர்வதாக அறிவித்தார்கள், கொரோனாவில் அது தள்ளிப்போய், பிறகு சேராமலே போயிற்று. சூழல் பொருந்தவில்லை என்பதில் கொஞ்சம் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் 17க்கும் 81க்கும் நடுவில் உள்ள பள்ளத்தை அந்த ஒரு கூடை மண்ணால் தூர்க்க முடியாது.

ஜெர்மனியில் நடந்ததைச் சொல்கிறேன். 2001 டிசம்பரில் முதல் பீசா முடிவு வந்தபோது வாசிப்பில் அவர்களுக்கு 484, சராசரி 500. நம்மோடு ஒப்பிட்டால் அது தோல்வியே இல்லை. ஆனால் நாடே கலங்கிவிட்டது. 'பீசா அதிர்ச்சி' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். பத்திரிகை, தொலைக்காட்சி எங்கும் அதே பேச்சு. மதியத்தோடு முடிந்துவிடும் பள்ளிகளை மாலைவரை நடத்த மத்திய அரசு 400 கோடி யூரோ ஒதுக்கியது. மாநிலங்களுக்குப் பொதுவான கல்வித் தர அளவுகளை வகுத்தார்கள். அவர்களுடைய முடிவிலும் எந்தப் பிள்ளையின் பெயரும் இல்லை. இருந்தும் ஒவ்வொரு வீட்டிலும் அதைத் தன் பிள்ளையைப் பற்றிய செய்தியாக எடுத்துக்கொண்டார்கள். வாசிக்கத் தெரிந்த பெற்றோர், அதுவும் பள்ளி மொழியிலேயே வாசிக்கத் தெரிந்த பெற்றோர்.

இங்கே அது யார் பெயருக்கும் வராத தபால். தாலுகா ஆபீஸ் மொழியில் எல்.டிஸ். போட்டுக் கட்டிவைத்து, நாளடைவில் கழித்துவிடும் ரகம். நம் பிள்ளையின் பதிவு எண் அதில் இல்லை, நம் பள்ளி பெயர் இல்லை, மாவட்டம்கூட இல்லை. பத்தாம் வகுப்பு ரிசல்ட்டோ காலையிலேயே அவரவர் போனுக்கு வந்துவிடுகிறது.

ஏட்டில் இல்லாமல் நேரில் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வுக்குப் பிறகு மனைவியின் ஊர்ப் பக்கம் வந்து பிளவக்கல்லில் தங்கிவிட்டவன் நான். அணைக்குப் போகிற ரோட்டில் காலை நடை. தென்னந்தோப்பு வேலைக்குப் போகும் ஒரு அம்மாள் ஒருநாள் நிறுத்தி, ரேஷன் கார்டு சம்பந்தமாக வந்த ஒரு கடிதத்தை நீட்டினாள். "மகன் இல்லையா வீட்டில்?" என்றேன். "இருக்கான் அய்யா. பத்தாவது பாஸ். முன்னூத்திச் சொச்சம் மார்க்கு. இத வாசிடான்னா முழிக்கான். எழுத்துக் கூட்டுதான், என்ன சொல்லியிருக்குன்னு கேட்டா தெரியலங்கான்" என்றாள். நான் வாசித்துச் சொன்னேன். அவள் கடிதத்தை மடித்துக்கொண்டே, "அப்ப எதுக்குய்யா பாஸ் போட்டாக?" என்று கேட்டாள். பள்ளியின் பெயர் வேண்டாம். எந்தப் பள்ளியாகவும் இருக்கலாம்.

அந்த அம்மாள் செய்தது திண்ணைப் பரீட்சை. வந்த ஓலையை வாசிக்கச் சொன்னாள், பையன் முழித்தான். மாவட்டத்தின் சதவீதம் அவளுக்குத் தெரியாது. ஓ.இ.சி.டி. என்றால் என்னவென்று அறியவே மாட்டாள். ஆனால் பாரிசிலிருந்து வந்த அறிக்கையில் இருந்த அதே முடிவை வீட்டு வாசலில் நின்று எடுத்துவிட்டாள். அவளிடம் இல்லாதது நெல்தான். கொடுக்காமல் நிறுத்திவைக்க ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் வசதி உள்ளவர்கள் என்ன செய்கிறார்கள்? ஆங்கில வழிக்கு மாற்றிவிடுகிறார்கள். 2012 வாக்கிலிருந்து அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகிவிட்டன. பெற்றவருக்குத் தெரியாத மொழிக்குப் பிள்ளை போய்விட்டால் அந்த வாசல் பரீட்சையும் போயிற்று. என் அப்பாவைப் போல ஓரத்து எண்ணைப் பார்க்க வேண்டியதுதான்.

'ஏசர்' என்ற பெயரில் ஒரு தன்னார்வ அமைப்பு கிராமம் கிராமமாகப் போய் நடத்தும் கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. பள்ளியில் வைத்துச் சோதிக்காமல் வீட்டுத் தாழ்வாரத்தில், பெற்றோர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள். 2022இல் தமிழ்நாட்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. கொரோனா இரண்டு வருஷத்தைத் தின்றுவிட்டது என்பதைக் கழித்தாலும், 2018இலேயே அது பத்துதான். 'இல்லம் தேடிக் கல்வி', 'எண்ணும் எழுத்தும்' எல்லாம் இதற்குப் பிறந்த திட்டங்கள். அவை நல்ல முயற்சிகள் என்றே நினைக்கிறேன்.

2022இல் எல்லா அரசுப் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழுவைத் திருத்தி அமைத்தார்கள். இருபது பேர் கொண்ட குழு, பெரும்பாலும் பெற்றோர், அதிலும் பாதிக்குக் குறையாமல் பெண்கள். கூட்டப் பொருள் என்று வருவது கழிவறை, சுற்றுச்சுவர், குடிநீர்த் தொட்டி. எல்லாம் வேண்டியதுதான். சென்ற ஆண்டு இந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் கூட்டத்தில் மூன்று தாய்மார்கள் புதிதாக ஒன்று கேட்டார்கள். மாதம் ஒரு நாள், தங்கள் முன்னால் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பக்கம் வாசித்து, அதில் என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பாடப் புத்தகம் கூடாது, அன்றைய பேப்பர் போதும். தலைமையாசிரியை நல்லவர். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குச் சம்மதித்து மினிட் புத்தகத்தில் எழுதவும் செய்தார். முதல் மாதத்தில் தாய்மார்கள் எட்டுப் பேர் வந்தார்கள், அடுத்த மாதம் பதினைந்து பேர். ஒன்பதும் பத்தும் என்ன ஆயிற்று என்று ஒரு அம்மாள் கேட்டதற்கு, அந்த வகுப்புகளுக்குச் சிறப்பு வகுப்பு இருப்பதால் நேரம் இல்லை என்று பதில் வந்ததாம். அதையும் மினிட்டில் எழுதச் சொல்லிவிட்டு வந்தாள் அந்த அம்மாள்.